நாய்க்கு ஒரு தனிப் பானை



தமிழ்நாடு, ஆந்திரம், கருநாடகம் என்னும் மூன்று மாநிலங்களும் ஒன்றையொன்று நெருங்கி நிற்கும் மூலையில் குப்பம் என்றோர் ஊர் இருக்கிறது. சென்னையிலிருந்து பெங்களூரு செல்லும் இருப்புப்பாதையில் ஜோலார்பேட்டையைக் கடந்து, பங்காருப்பேட்டையை அடையுமுன் இவ்வூர் நிலையம் வரும். முன்னாளில் வடார்க்காட்டு மாவட்டத்தைச் சார்ந்த கங்குந்தி ஜமீனுக்கு உட்பட்டிருந்த இப்பகுதி, 1911-ஆம் ஆண்டில் சித்தூர் மாவட்டம் அமைந்தபோது அதனுடன் சேர்ந்தது. திராவிடப் பல்கலைக்கழகம் 1997-இல் இங்கே நிறுவப்பட்டது. பல மொழிகள் கலந்து வாழும் ஊருக்கு அது பொருத்தமான சிறப்பே ஆகும்.

மொழிகள் கலந்த இவ்வூர்ப் பக்கத்தில் உணவு ஒன்று மூன்று பெயர்களைத் தாங்கி நிற்கிறது. கேழ்வரகு மாவைக் கொதிநீரில் கிளறி உருட்டி வைத்தால், தமிழர் அதனைக் களி என்பர். தெலுங்கர் சங்கடி என்பர். கன்னடியர் முத்தெ என்பர். அவ்வுருண்டையை வீட்டார் உண்ட பின்னர், பானையின் அடியில் ஒட்டிய பகுதி வாசலில் காத்திருக்கும் நாய்க்குப் போகும். அது எம்மொழியில் அழைத்தாலும் வாலை ஆட்டிக்கொண்டு வரும். எப்பெயரிட்டு வைத்தாலும் உண்ணும். நாய்க்கென்று தனியே உலை வைக்க வேண்டும் என்று நம் முன்னோர் எண்ணியதில்லை. அவ்வாறு எண்ண வேண்டிய தேவையும் அன்று இருந்ததில்லை.

இன்று அத்தேவை வந்துவிட்டது என்பதே நான் சொல்ல வந்த செய்தி. தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் ஐதராபாத்திலும் அடுக்குமாடி வீடுகளில் வாழும் நம்மவர் பலர் நாய் வளர்க்கிறார்கள். பிள்ளைகள் படிப்பை முன்னிட்டு வெளியூர் சென்ற பிறகு, அந்த நாயே வீட்டின் கடைக்குட்டியாகிவிடுகிறது. கடையில் விற்கும் உலர் தீனியை வாங்கிப் போட மனம் இடங்கொடாமல், “நம் கையால் சமைத்துப் போடுவோம்” என்று விரும்புகிறவர்களும் உளர். அவ்விருப்பம் நல்லதே. ஆயினும் அன்பு மட்டும் உணவாகிவிடாது. நம் அடுப்பில் நாய்க்கு நல்லுணவு சமைக்க முடியும். ஆனால் நம் தட்டின் மிச்சம் அதற்கு உணவாக முடியாது. அதற்குத் தனிப் பானையும் தனிக் கணக்கும் வேண்டும்.

முதலில் ஓர் ஐயத்தைத் தீர்த்துக்கொள்வோம். “நாய் ஊன் உண்ணும் விலங்கு அன்றோ? அதற்குச் சோறும் களியும் செரிக்குமா?” என்று சிலர் கேட்பர். ஸ்வீடன் நாட்டின் உப்சாலாப் பல்கலைக்கழக அறிஞர்களை உள்ளிட்ட குழுவினர் 2013-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி இதற்கு விடை தருகிறது. மாவுச்சத்தைச் செரிக்கச் செய்யும் மரபணு ஓநாயின் உடலில் இருப்பதைவிட நாயின் உடலில் பன்மடங்கு மிகுதியாக இருப்பதை அவர்கள் கண்டனர். மனிதனோடு சேர்ந்து வாழத் தொடங்கிய நாய், அவனுடைய தானியத்தை உண்ணவும் பழகிக்கொண்டது என்பது இதனால் விளங்கும். தென்பாண்டி நாட்டு வேட்டை நாய்கள் கம்பங்கூழும் கேழ்வரகுக் கூழும் உண்டு வளர்ந்தவையே. அவற்றுள் ஒன்றான இராசபாளைய நாய்க்கு இந்திய அஞ்சல்துறை 2005-ஆம் ஆண்டில் தபால்தலை வெளியிட்டுப் பெருமை சேர்த்தது. மறுபுறம், கடையில் விற்கும் நாய்த் தீனியின் வரலாறோ மிகக் குறுகியது. ஸ்ப்ராட் என்பவர் இலண்டன் மாநகரில் நாய் ரொட்டி செய்து விற்கத் தொடங்கியது 1860-ஐ ஒட்டிய ஆண்டுகளில்தான். அதற்கு முன்னர் வீட்டு நாய்கள் பெரும்பாலும் வீட்டுச் சோற்றிலேயே வளர்ந்தன.

அப்படியானால் அன்று போதுமாக இருந்தது இன்று ஏன் போதவில்லை? காரணம் எளியது. ஊர் நாய் வீட்டுப் பானையை மட்டும் நம்பி வாழவில்லை. அது எலி பிடித்தது. கறிக்கடையின் பின்புறம் சென்று எலும்பும் குடலும் தின்றது. வயலில் நண்டும் பூச்சியும் தேடியது. களியில் இல்லாததை அது வெளியில் ஈடு செய்துகொண்டது. நான்காம் மாடியில் கட்டிப்போட்ட நாய்க்கோ, நாம் வைக்கும் கிண்ணத்திற்கு அப்பால் வேறு உலகம் இல்லை. அக்கிண்ணத்தில் ஒரு சத்துக் குறைந்தால் அது வாழ்நாள் முழுவதும் குறைந்ததே. அதில் ஒரு நஞ்சு சேர்ந்தால் அதற்குத் தப்ப வழியும் இல்லை.

நஞ்சு என்று சொன்னவுடன் திடுக்கிட வேண்டாம். நமக்கு அமுதமான சில பொருள்கள் நாய்க்கு நஞ்சாகின்றன. அவற்றுள் முதன்மையானது வெங்காயம். சின்ன வெங்காயம், பெரிய வெங்காயம், பூண்டு ஆகிய மூன்றும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். பத்துக் கிலோ எடையுள்ள நாய்க்கு ஏறக்குறைய 150 கிராம் வெங்காயமே தீங்கு செய்யப் போதுமானது. சிறிது சிறிதாக நாள்தோறும் உண்டாலும் தீங்கு சேர்ந்துகொண்டே வரும். வேகவைப்பதனால் அந்நஞ்சு நீங்குவதில்லை. சில நாட்கள் கழித்து ஈறு வெளுத்து, சிறுநீர் கறுத்துச் சிவந்து, நாய் சோர்ந்து படுக்கும்போதுதான் நாம் விழிப்போம். அன்று வைத்த சாம்பார் அதற்குள் நம் நினைவிலேயே இராது.

இரண்டாவது, திராட்சை. பாயசத்திலும் கேசரியிலும் பொங்கலிலும் இடும் உலர்ந்த திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அதில் உள்ள டார்டாரிக் அமிலமே இதற்குக் காரணமாகக் கருதப்படுகிறது. இச்செய்தி நமக்கு ஒரு படி நெருக்கமானது. ஏனெனில் அதே அமிலம் புளியில் மிகுதியாக உண்டு. புளியைத் தின்ற நாய்களுக்குச் சிறுநீரகம் பழுதுற்றதைக் கால்நடை மருத்துவர்கள் 2022-ஆம் ஆண்டில் ஓர் ஆய்விதழில் எடுத்துக்காட்டினர். ஆகவே சாம்பார், இரசம், வற்றல்குழம்பு, புளியோதரை ஆகியவற்றை நாயின் கிண்ணத்தில் ஊற்றலாகாது. வெங்காயமும் புளியும் ஒருங்கே சேர்ந்த சாம்பாரோ இரு வகையிலும் விலக்கத் தக்கது.

மூன்றாவது, வெந்த எலும்பு. ஞாயிற்றுக்கிழமைப் பிரியாணியின் கோழி எலும்பை நாய்க்குப் போடுவது பலர் வழக்கம். வெந்த எலும்பு கூர்மையாகப் பிளந்து, தொண்டையிலும் குடலிலும் குத்திக்கொள்ளும். இவையன்றிச் சாக்லேட்டும், சர்க்கரை நீக்கிய மிட்டாய்களில் சேர்க்கப்படும் சைலிட்டால் என்னும் இனிப்புப் பொருளும் நாய்க்கு மிகவும் கொடியவை. வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால் அவர்களிடம் இவற்றைச் சொல்லி வைப்பது நலம். பாசத்தினால் பங்கிட்டுக் கொடுப்பவர்கள் அவர்களே அல்லவா?

கெடுதி செய்யும் பொருள்களை விலக்கிவிட்டோம். இனி, இல்லாமையினால் வரும் கேட்டைக் காண்போம். எனக்குத் தெரிந்த ஒரு தமிழ்க் குடும்பம் தில்லியில் இருக்கிறது. அவர்கள் ஓர் ஆண் குட்டியை வாங்கி, கண்ணும் கருத்துமாக வளர்த்தார்கள். காலையில் பாலும் சோறும், மாலையில் எலும்பு நீக்கிய கோழிக்கறியும் சோறும் தந்தார்கள். எதிலும் கஞ்சத்தனம் இல்லை. நான்காம் மாதத்தில் அக்குட்டி துள்ளுவதை நிறுத்தியது, தூக்கினால் கதறியது, முன்கால்கள் வில்போல் வளையத் தொடங்கின. அடிபட்டிருக்கும் என்று எண்ணி மருத்துவரிடம் கொண்டுபோனார்கள். அவர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, “என்ன உண்ணக் கொடுக்கிறீர்கள்?” என்ற ஒரே கேள்வியைக் கேட்டார். எலும்புகள் கண்ணாடிபோல் மெலிந்திருந்தன. உணவை மாற்றி, பல வாரம் ஓய்வில் வைத்த பின்னர் அக்குட்டி பிழைத்து நடந்தது. ஒரு கால் மட்டும் இன்றும் சற்று வளைந்தே இருக்கிறது.

இதன் காரணத்தை அறிந்துகொண்டால் நாம் பிழை செய்யமாட்டோம். நூறு கிராம் கோழிக்கறியில் சுண்ணாம்புச்சத்து பத்து மில்லிகிராம் அளவே உண்டு. பாஸ்பரஸ் என்னும் சத்தோ இருநூறு மில்லிகிராம் அளவுக்கு உண்டு. சோற்றிலும் சுண்ணாம்பு மிகக் குறைவு. நாயின் உணவில் சுண்ணாம்பு பாஸ்பரஸுக்குச் சமமாகவோ சற்று மிகுந்தோ இருக்க வேண்டும். அவ்வாறு இல்லையெனில், கழுத்தில் உள்ள பாராதைராய்டு என்னும் சிறு சுரப்பிகள் இரத்தத்தின் குறையை நிரப்புவதற்காக எலும்பிலிருந்து சுண்ணாம்பை உருவி எடுக்கின்றன. வீட்டில் அரிசி குறைந்தால் விதைநெல்லைக் குத்தி உண்பது போன்றது இது. குட்டி ஊட்டமாகத் தோன்றும். எலும்பு மட்டும் உள்ளே கரைந்துகொண்டிருக்கும். தயிர்சாதம் மட்டும் உண்ணும் குட்டியின் நிலையும் இதற்கு மேலானதன்று. வளரும் குட்டிக்கு வேண்டிய புரதத்தில் ஏறக்குறைய பாதியே அதிலிருந்து கிட்டும்.

இவற்றையெல்லாம் கேட்டவுடன் சிலர் ஆங்கிலப் புத்தகங்களையும் கணினியையும் நாடிச் செல்வர். அங்கே சமையற் குறிப்புகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தார் இத்தகைய குறிப்புகள் இருநூற்றை எடுத்துச் சோதித்து 2013-இல் முடிவை வெளியிட்டனர். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து குறிப்புகளில் இன்றியமையாச் சத்து ஒன்றேனும் குறைந்திருந்தது. அவற்றுள் மருத்துவர்கள் எழுதியவையும் இருந்தன.

மொழிபெயர்ப்பு என் தொழில். சொல்லுக்குச் சொல் வைத்தால் மொழிபெயர்ப்பு ஆகாது, பொருளை உணர்ந்து நம் மொழியில் அமைக்க வேண்டும் என்பது அத்தொழிலின் முதற்பாடம். சமையற் குறிப்புக்கும் அதுவே பொருந்தும். சால்மன் மீனும் வான்கோழியும் வேண்டும் என்று அயல்நாட்டுக் குறிப்பில் கண்டால், அவற்றைத் தேடி அலைய வேண்டியதில்லை. புரதம் எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு, சுண்ணாம்பு எவ்வளவு என்று பொருளை அறிந்து, நம் கடைத்தெருவில் கிடைப்பதைக் கொண்டு அமைத்துக்கொள்ளலாம்.

பத்துக் கிலோ எடையும், நல்ல உடல்நலமும், நடுத்தரமான நடமாட்டமும் உள்ள வளர்ந்த நாயை எடுத்துக்கொள்வோம். அதற்கு நாளொன்றுக்குச் சுமார் 600 கலோரி வேண்டும். அரிசி 60 கிராம், கேழ்வரகு மாவு 30 கிராம், எலும்பும் தோலும் நீக்கிய கோழிக்கறி 150 கிராம், முட்டை ஒன்று, மஞ்சட்பூசணி அல்லது காரட் அல்லது பீன்ஸ் 50 கிராம், எண்ணெய் ஒரு தேக்கரண்டி: இவை அந்நாளைய உணவின் அடிப்படை. அரிசியைக் குழைய வேகவைத்து, கறியையும் காயையும் அதிலேயே சேர்த்து வேகவிட்டு, கேழ்வரகு மாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றிக் கிளற வேண்டும். மாவு பச்சை வாசனை நீங்க வெந்த பின்னர், அவித்த முட்டையைப் பிசைந்து எண்ணெய் விட்டு இறக்கிவிடலாம். பச்சை முட்டையின் வெண்கரு நாளடைவில் ஒரு வைட்டமினைக் கட்டிப்போட்டுவிடும்; ஆதலின் முட்டை வெந்தே இருக்க வேண்டும். உப்பு, மிளகாய், புளி, வெங்காயம், தாளிப்பு எதுவும் வேண்டுவதில்லை.

குப்பத்துப் பானையின் சிறப்பு இங்கே நமக்குக் கைகொடுக்கிறது. நூறு கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து உண்டு; அரிசியோ கோதுமையோ அதன் அருகில்கூட வாரா. ஆயினும் அதை மட்டும் நம்பிவிடலாகாது. நாம் இடும் 30 கிராம் மாவிலிருந்து கிடைப்பது நூறு மில்லிகிராம் அளவே. அதிலும் ஒரு பகுதி உடலில் சேராது. பத்துக் கிலோ நாய்க்கு நாளும் 600 மில்லிகிராமுக்குக் குறையாமல் வேண்டும். இக்குறையை முட்டை ஓடு தீர்க்கும். ஓட்டைக் கழுவி, கொதிநீரில் இட்டெடுத்து, நன்றாக உலர்த்தி, மாவுபோல் நுண்ணிதாக அரைத்துக்கொள்ள வேண்டும். கால் தேக்கரண்டிப் பொடியில் ஏறத்தாழ 500 மில்லிகிராம் சுண்ணாம்பு இருக்கும். நாம் குப்பையில் எறியும் பொருளே எலும்பைக் காக்கும் மருந்தாகிறது.

இத்துடன் எல்லாம் நிறைந்துவிட்டதா என்றால், இல்லை. துத்தநாகம், செம்பு, அயோடின், வைட்டமின் டி, வைட்டமின் ஈ ஆகியவை இப்பானையில் போதிய அளவு சேரா. நம்மைப்போல் வெயிலில் நின்று வைட்டமின் டியை வேண்டிய அளவு ஆக்கிக்கொள்ளும் ஆற்றல் நாய்க்கு இல்லை. ஆகவே மருத்துவரிடம் இவ்வுணவின் பட்டியலைக் காட்டி, நாய்க்கென்றே செய்யப்பட்ட வைட்டமின், தாதுப்பொடியைக் கேட்டுச் சேர்க்க வேண்டும். குட்டிகளுக்கும், கருவுற்ற நாய்க்கும், சிறுநீரகம் கெட்ட நாய்க்கும் மேற்சொன்ன கணக்கு பொருந்தாது. பெரிய இனக் குட்டிகளுக்குச் சுண்ணாம்பு மிகுந்தாலும் எலும்பு கோணும். அவற்றின் உணவை மருத்துவரே வகுத்துத் தர வேண்டும்.

அளவைப் பற்றி ஒரு சொல். எடை இரு மடங்கானால் உணவும் இரு மடங்காக வேண்டும் என்று எண்ணலாகாது. இருபது கிலோ நாய்க்கு ஆயிரம் கலோரியை ஒட்டியே போதும். விலா எலும்பு கண்ணுக்குத் துருத்தாமலும், கையால் தடவினால் எளிதில் புலப்பட்டும் இருந்தால் அளவு சரி. அன்றாட உணவை இரு வேளையாகப் பிரித்து, ஆறிய பின்னர் வைக்க வேண்டும். பழைய உணவிலிருந்து புதியதற்கு ஒரே நாளில் தாவாமல், ஒரு வாரத்தில் சிறிது சிறிதாக மாற்றினால் வயிறு கெடாது.

புலால் புழங்காத வீடுகளும் நம்மிடையே பல உள்ளன. பூனைக்கு ஊனின்றி முடியாது. நாய்க்கோ முட்டை, பருப்பு, பாலாடைக்கட்டி முதலியவற்றைக் கொண்டு திட்டமிட்டு உணவு அமைக்க முடியும். ஆனால் அங்கே கணக்கு இன்னும் கண்டிப்பாக வேண்டும். கொல்கத்தாவில் இருப்போர் கோழிக்குப் பதிலாக முள் நீக்கி வேகவைத்த மீனைச் சேர்க்கலாம்.

எதைச் சேர்த்தாலும் வேகவைத்தே சேர்க்க வேண்டும். ஆடு அறுக்கும் இடத்தில் நோயுற்ற ஈரலும் நுரையீரலும் நாய்க்கு எறியப்படுவதுண்டு. அவற்றில் நீர்க்கட்டிகள் இருந்தால், நாயின் குடலில் ஒரு சிறு நாடாப்புழு வளரும். அதன் முட்டைகள் நாயின் மலத்தின் வழியே நம் கைக்கும் வாய்க்கும் வந்து, நம் ஈரலிலேயே அத்தகைய கட்டியை உண்டாக்கும். நன்றாகக் கொதித்த பானை இச்சங்கிலியை அறுத்துவிடுகிறது. நாய்க்குச் சமைப்பது நமக்கும் காவல் என்பது இதனால் விளங்கும்.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு மொழியும் ஒரு தடையாகலாம். கேழ்வரகை மராட்டியத்தில் நாச்சணி என்று கேட்டால் கிடைக்கும். வடக்கே மண்டுவா என்பர். நாயின் உணவுப் பட்டியலைப் பொருளும் எடையுமாக அவ்வூர் மொழியிலோ ஆங்கிலத்திலோ எழுதி வைத்துக்கொண்டால், மருத்துவரிடம் பாதிக் கவலை தீரும். கற்றறிந்த மருத்துவர்களுக்கு நம் நாட்டில் குறைவில்லை. குப்பத்தைச் சுற்றியே பாருங்கள்: சென்னையில் 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி, திருப்பதியில் 1955-இல் தோன்றி, 2005-இல் அமைந்த வேங்கடேசுவரா கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்கும் கல்லூரி, பெங்களூருவில் எப்பாளத்தில் 1958-இல் நிறுவப்பட்ட கல்லூரி. மூன்று மொழி நாடுகளும் ஒரே கலையை வளர்க்கின்றன.

நேயர்களே, நாய் தனக்கு என்ன வேண்டும் என்று சொல்லாது. வைத்ததை நன்றியோடு உண்ணும். சாம்பார் சோற்றையும் அது வாலாட்டிக்கொண்டே உண்ணும். எலும்பைக் கரைக்கும் வெறும் கறிச்சோற்றையும் அப்படியே உண்ணும். அதன் மகிழ்ச்சியைக் கண்டு உணவு நல்லது என்று நாம் முடிவு செய்துவிடக் கூடாது. அடுப்பின் ஓரத்தில் அதற்கென ஒரு சிறு பானை, அலமாரியில் ஒரு தராசு, சுவரில் ஒரு பட்டியல்: இம்மூன்றும் இருந்தால், நம் அன்பு அதன் உடம்பிலும் சேரும்.